யாழ்ப்பாணத்திலிருந்து சிவனொளிபாதமலை: வழி தேர்வு முதல் இறக்கம் வரை

யாழ்ப்பாணத்திலிருந்து சிவனொளிபாதமலைக்கு வெளிக்கிடும் குழுக்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். வெள்ளி பின்னேரம் வான் பிடிப்பது, இரவு முழுக்க ஓடுவது, சனி பகல் வழியில் இரண்டு கோயிலும் ஒரு நீர்வீழ்ச்சியும் பார்ப்பது, அன்றிரவே மலை ஏறுவது, ஞாயிறு விடிய உச்சியில் சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பி, திங்கள் காலை கந்தோருக்குப் போவது. கணக்குப் பார்த்தால் இரண்டு இரவு தூக்கம் இல்லை. மலை தன் வேலையைத் தொடங்கும் முன்பே தூக்கமின்மை ஆளைப் பாதி விழுத்திவிடும். மலை கடினம் என்று ஊருக்கு வந்து சொல்பவர்களில் பலருக்குக் கடினமாக இருந்தது உண்மையில் இந்த அட்டவணைதான்.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஏறுவதைவிட எப்போது தூங்குவது, எத்தனை மணிக்குத் தொடங்குவது, எப்படி இறங்குவது என்பவற்றுக்குத்தான் அதிக இடம். ஏற்றம் எப்படியும் நடந்துவிடும். மற்ற மூன்றையும் சரியாகச் செய்தால் அறுபது வயதுப் பெரியம்மாவும் ஏறி இறங்கலாம், பிழையாகச் செய்தால் கிரிக்கெட் விளையாடும் பெடியனும் இரண்டு நாள் படுக்கையில் கிடப்பான்.

மலையின் கணக்கு

உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியில் நடை தொடங்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்தால் காலால் ஏற வேண்டியது ஏறத்தாழ 1,000 மீற்றர். ஒரு மாடி 3 மீற்றர் என்று வைத்தால், முந்நூறு மாடிக்கு மேல் ஒரே இரவில். கீரிமலையைத் தவிர வேறு மலைப்பெயர் இல்லாத, அந்தக் கீரிமலையும் மலையாக இல்லாத எங்கள் குடாநாட்டுக் கால்களுக்கு இது புதிய வேலை.

'உயரத்தில் ஒட்சிசன் குறைவு, மூச்சு முட்டும்' என்று யாராவது பயமுறுத்தினால் விட்டுவிடுங்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டும். இங்கே வரும் இளைப்பு படியால் வருவது. நின்றால் போய்விடும். நின்று சில நிமிடமாகியும் போகாவிட்டால், அல்லது நெஞ்சு இறுகினால், இடது கை கடுத்தால், அதோடு ஏறுவதை நிறுத்த வேண்டும். இதய நோய்க்கோ உயர் இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் போவதற்கு முன் தங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதி வழியில் நெஞ்சு வலித்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு அதே படிகளால்தான் கீழே இறக்க வேண்டும்.

குளிரை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். தை மாத இரவில் யாழ்ப்பாணத்தில் 23 பாகை என்றால் உச்சியில் பத்துக்குக் கீழே எதிர்பார்க்கலாம். அதன் மேல் காற்று, அதன் மேல் வியர்வையில் நனைந்த சட்டை.

எந்த வழியால் ஏறுவது

மலைக்கு ஆறு பாதைகள் என்பார்கள். யாத்திரிகர் பெருமளவில் நடப்பது மூன்றில்: ஹட்டன் வழியாக நல்லதண்ணி, இரத்தினபுரி வழியாகப் பலாபத்தல, குருவிட்ட வழியாக எரத்ன. மற்றவை தோட்டங்களுக்கும் அடர்காட்டுக்கும் ஊடாகப் போகும் தடங்கள். தெரணியகலைப் பக்கம் மாலிபொடையிலிருந்து வரும் தடத்தைப் படத்தில் பார்த்து ஆசைப்படும் இளைஞர்கள் உண்டு. அந்தப் பகுதி ஆள் துணையோடு பகலில் நடக்க வேண்டிய காடு. முதல் பயணத்துக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நல்லதண்ணி வழி மிகக் குறுகியது, ஆறு கிலோமீற்றருக்குள். யாத்திரைப் பருவகாலத்தில் மின்விளக்கு உச்சி வரை எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும், பாதை முழுவதும் படி. தோட்டப் பகுதி என்பதால் தமிழ் தாராளமாகப் புழங்கும். குறைகள் இரண்டு. குறுகிய பாதை என்பதால் செங்குத்து, எல்லோரும் இதையே தேர்வதால் நெரிசல்.

பலாபத்தல வழி பழையது, நீண்டது. நடை தொடங்கும் இடம் தாழ்வானது என்பதால் காலால் ஏற வேண்டிய உயரம் 1,500 மீற்றருக்கும் மேல். நீலிஹெல, தியபெத்ம, ஹெரமிட்டிபான என்று தரிப்புகள் வரும். நீலிஹெலவில் பள்ளத்தைப் பார்த்து நீலியைக் கூப்பிட்டால் எதிரொலி திரும்பி வரும். அங்கே விழுந்து இறந்த பெண் பதில் சொல்கிறாள் என்பது யாத்திரிகர் கதை. இந்தப் பக்கம் தென்மேற்கு மழையை நேரே வாங்கும் சரிவு. காடு அடர்த்தி, அட்டை அதிகம், கல் ஈரம். எரத்ன வழியும் இதே குணம்தான். பன்னிரண்டு கிலோமீற்றர் அளவு, ஓடைகள் கூட, ஆட்கள் குறைவு. இந்த இரண்டும் மேற்பகுதியில் ஒன்றாகச் சேர்ந்து உச்சிக்குப் போகும்.

வழியைப் பற்றிய இந்த வாதம் புதியதல்ல. 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா இந்த மலைக்கு வந்தபோது அவரை அனுப்பி வைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. புத்தளம் பக்கத்தில் மன்னரைச் சந்தித்து, உச்சியில் உள்ள பாதச்சுவட்டைத் தரிசிப்பதைத் தவிர வேறு ஆசை இல்லை என்று பதூதா சொன்னார். மன்னர் பல்லக்கும் அதைத் தூக்க ஆட்களும் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பரிவாரத்தில் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையும் சேர்த்து அனுப்பினார். மலைக்கு இரண்டு வழி இருந்ததாகப் பதூதா எழுதுகிறார். ஒன்று ஆதாமின் பெயரால், மற்றது ஏவாளின் பெயரால். ஏவாள் வழி இலகு, ஆனால் அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே சனம் மதிக்காது. ஆதாம் வழி கரடுமுரடு, பாறையில் சங்கிலி பிடித்து ஏற வேண்டும். பத்துச் சங்கிலிகளை அவர் கணக்கிட்டிருக்கிறார்.

'இரத்தினபுரியால் ஏறினால்தான் ஏற்றம், ஹட்டனால் ஏறுவது சுற்றுலா' என்று இன்றைக்கும் கேட்கும் பேச்சு அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு வேறு. முதல் முறை போகும் குடும்பம் நல்லதண்ணியால் ஏறி நல்லதண்ணியாலேயே இறங்கட்டும். இரண்டாவது முறை, முழங்கால் நன்றாக இருந்தால், பலாபத்தலயால் ஏறி நல்லதண்ணியால் இறங்கலாம். நல்லதண்ணியால் ஏறி இரத்தினபுரிப் பக்கம் இறங்குவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் களைத்த காலோடு ஈரக்கல்லில் நீண்ட இறக்கம் என்பது அனுபவப்பட்டவர்களுக்கானது. அப்படிச் செய்வதென்றால் வானை மறுபக்கத்துக்கு அனுப்பவும் வேண்டும்.

எப்போது போவது

யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும். பெல்மதுளைப் பக்கம் கல்பொத்தாவெல விகாரையிலிருந்து மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவமும் பூசைப் பொருட்களும் ஊர்வலமாக மேலே போவதோடு பருவம் திறக்கும். வெசாக்குக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று. மழை, மூடுபனி, ஆளைத் தள்ளும் காற்று. விளக்கு இல்லை, கடை இல்லை. அந்த மாதங்களில் வெளிநாட்டுக்காரர் சிலர் ஏறுவார்கள். நாங்கள் வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது சரியல்ல.

பருவத்துக்குள் எந்த நாள்? போயாவும் அதை ஒட்டிய சனி ஞாயிறும் வேண்டாம். அந்த இரவுகளில் மேல் படிகளில் வரிசை அசையாது நிற்கும். ஒரு படி ஏறிப் பத்து நிமிடம் நிற்பதில் உடம்பு குளிர்ந்துவிடும், சூரியன் வரும்போது நீங்கள் இன்னும் வரிசையில் நிற்பீர்கள். சிவராத்திரிக்குச் சைவர்கள் பெருமளவில் வருவார்கள். அந்த இரவில் அங்கே நிற்க வேண்டும் என்பது உங்கள் நேர்த்தி என்றால் போங்கள், நெரிசலை ஏற்றுக்கொண்டு போங்கள். மற்றவர்களுக்கு தை, மாசி மாதங்களில் திங்கள் முதல் வியாழன் வரை ஓர் இரவு மிக நல்லது. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை வழக்கம், ஆகவே அந்த மாதங்களில் மத்தியானத்துக்கு முன் கீழே வந்து சேரும் கணக்கோடு போங்கள்.

ஊரிலிருந்தே தொடங்கும் பயிற்சி

ஆறு வாரம் இருந்தால் போதும். தட்டை நிலத்தில் எவ்வளவு நடந்தாலும் அது மூச்சுக்கு உதவும், தொடைக்கு அவ்வளவு உதவாது. படி வேண்டும். பள்ளிக்கூடம், கந்தோர், உறவினர் வீடு என்று எங்கே இரண்டு மூன்று மாடி இருக்கிறதோ அங்கே வாரத்துக்கு மூன்று நாள் ஏறி இறங்குங்கள். முதல் வாரம் பத்து மாடி, ஆறாவது வாரம் அறுபது மாடி. இறங்குவதையும் படியாலேயே செய்யுங்கள், லிஃப்ட் வேண்டாம். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவது இறக்கத்தில்தான். அந்த வேலைக்குப் பழகாத தசைதான் அடுத்த நாள் கல்லாகும். ஒரு சில முறை பழக்கிவிட்டால் வலி நன்றாகக் குறையும்.

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல் மேடுகள் இன்னொரு நல்ல பயிற்சிக் களம். குடாநாட்டில் காலுக்குச் சரிவு கிடைக்கும் இடம் அருமை. வெயில் ஏற முன் போய், மேட்டில் ஏறி இறங்கினால் கெண்டைக்காலுக்கு நல்ல வேலை. புதுச் சப்பாத்து வாங்கினால் இந்தப் பயிற்சியிலேயே போட்டுப் பழக்குங்கள், மலையில் பிரிக்க வேண்டாம்.

பையில் என்ன

முதுகுப் பை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. பதூதாவோடு பாரம் சுமக்கப் பதினைந்து பேர் போனார்கள், உங்களோடு யாரும் வரமாட்டார்கள். அவர் காலத்திலேயே யாத்திரிகர் மலைக்குகையில் மூட்டைகளை வைத்துவிட்டுத்தான் மேலே பாதத்துக்குப் போனார்கள். நீங்களும் மற்றச் சாமான்களை விடுதி அறையில் பூட்டிவிட்டுப் போங்கள்.

உடுப்பு மூன்று அடுக்கு. உள்ளே சீக்கிரம் காயும் டீ-சேர்ட், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் தடுக்கும் மழைக்கோட்டு. ஏறும்போது டீ-சேர்ட்டோடு மட்டும் ஏறுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. ஸ்வெட்டரோடு ஏறி வியர்த்தால் உச்சியில் அந்த ஈரமே எதிரி. மாற்றுவதற்கு இன்னொரு உலர்ந்த டீ-சேர்ட்டை உறைக்குள் சுற்றி வையுங்கள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே மாற்றலாம். காது மூடும் தொப்பி கட்டாயம். காதில் காற்றுப் பட்டால் எங்கள் சனத்துக்கு அதோடு தலையிடி தொடங்கிவிடும். வேட்டியோ சேலையோ உடுத்துத்தான் பாதத்தைக் கும்பிட வேண்டும் என்பவர்கள் அதைப் பையில் கொண்டுபோய் மேலே கட்டுங்கள். படியில் வேட்டி தடுக்கும்.

தலையில் மாட்டும் டோர்ச், விளக்கு இருந்தாலும் வேண்டும், மின்சாரம் போகும் இரவுகள் உண்டு. ஊன்ற ஒரு பொல்லு. தண்ணீர் ஒரு லீற்றர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) இரண்டு பைக்கற், பனடோல், சித்தாலேப தைலம், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர். சாப்பாட்டில் எங்கள் ஊர்ச் சாமானை மிஞ்ச ஒன்றும் இல்லை: பனங்கட்டித் துண்டு, எள்ளுருண்டை, கச்சான், பேரீச்சம்பழம். சிறிய அளவில் அடிக்கடி வாயில் போடுங்கள். ஏறுவதற்கு முன் கொத்துறொட்டி வெட்டினால் மூன்றாவது கடையடியில் அது தன்னைக் காட்டும். பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது, அடிவாரத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மதுபானமும் அப்படியே. இந்த மலையைச் சுற்றிய காட்டிலிருந்துதான் களனி, களு, வளவை ஆறுகள் புறப்படுகின்றன. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக இது உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய நீளக் காலுறை, அல்லது சித்தாலேப. கடித்த அட்டையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உப்போ தேசிக்காய்ச் சாறோ பட்டால் தானே விடும். நல்லதண்ணிப் படிகளில் வறண்ட மாதங்களில் அட்டையைப் பார்ப்பதே அரிது. இரத்தினபுரிப் பக்கம் போவோர்தான் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

போய்ச் சேர்வதும் தூங்குவதும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை கண்டி வீதி 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன், பிறகு மஸ்கெலியா, பிறகு நல்லதண்ணி. மலைப்பாதை என்பதால் தூரத்தைப் பார்த்து நேரம் கணிக்க முடியாது. வானில் மொத்தம் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாது. ரயிலால் போவதென்றால் யாழ்ப்பாணத்து ரயிலில் பொல்கஹவெல வரை வந்து, அங்கே பதுளைப் பக்கம் போகும் ரயிலுக்கு மாறி ஹட்டனில் இறங்கலாம். கொழும்பு வரை போய்த் திரும்பத் தேவையில்லை. மலைநாட்டுப் பாதையில் மண்சரிவால் சேவை நிற்பது உண்டு, வெளிக்கிட முன் நிலையத்தில் கேளுங்கள். ஹட்டனிலிருந்து பருவகாலத்தில் நல்லதண்ணிக்கு பஸ் ஓடும். பணம் ஹட்டனிலேயே எடுத்து வையுங்கள்.

மஸ்கெலியாவைத் தாண்டும்போது மவுசாக்கலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா நகரம் இந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. வறட்சியில் மட்டம் இறங்கினால் மூழ்கிய கோயில் வெளியே தெரியும். வண்டியை நிறுத்திப் பார்க்கத் தகுந்த இடம்.

இப்போது முக்கியமான கணக்கு. பகலில் பயணம் செய்யுங்கள். விடிய நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டால் பின்னேரம் நல்லதண்ணி. இருட்டும் முன் இடியப்பமும் சொதியும் போல் இலகுவாக ஏதாவது சாப்பிட்டு, ஏழு மணிக்கே படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் காலை நீட்டிக் கிடவுங்கள். நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு எழும்பினால் ஆறு மணித்தியால ஓய்வு கையில்.

சூரியன் ஆறரையை ஒட்டி எழும். சாதாரணக் குடும்பத்துக்கு ஏற மூன்றரை முதல் நான்கு மணித்தியாலம். ஆகவே இரண்டு மணிக்கு நடை தொடங்கினால் ஆறு மணிக்கு மேலே. அநேகர் இரவு பத்து மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கினால் விடிய இரண்டு மணிக்கு உச்சியில் நின்று, நான்கு மணித்தியாலம் காற்றில் நடுங்க வேண்டும். அங்கே ஒதுங்க இடம் குறைவு, உள்ள இடமும் நிரம்பியிருக்கும். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் மட்டும் பன்னிரண்டரைக்குத் தொடங்கி, களைத்த இடத்தில் கடையில் இருத்தி இருத்திக் கூட்டிப்போங்கள். நேரம் முந்திவிட்டால் உச்சிக்குக் கீழே உள்ள கடைசிக் கடைகளில் சூடான தேத்தண்ணியோடு இருந்துகொள்ளுங்கள்.

ஏற்றம், நல்லதண்ணிப் பக்கம்

முதல் பகுதி ஏமாற்றும். தேயிலைக் கொழுந்துக்கு நடுவே மெதுவான ஏற்றம், இரண்டு பக்கமும் விளையாட்டுச் சாமான் கடைகள், மகர தோரணம், பிறகு ஜப்பானிய சமாதானத் தாதுகோபம். இங்கே எல்லோரும் கதைத்துச் சிரித்து வேகமாக நடப்பார்கள். வேண்டாம். கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகம்தான் உங்கள் வேகம், கதை முறிந்தால் வேகம் கூடிவிட்டது என்று எடுங்கள். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள்.

சீத்தகங்குல ஓடையில் யாத்திரிகர் கைகால் கழுவுவார்கள், சிலர் குளிப்பார்கள், வெள்ளைத் துணியில் காசு முடிந்து நேர்த்தி வைப்பார்கள். பனித்தண்ணீர். முகம் கழுவினால் போதும், அந்த நேரம் தலையில் ஊற்றிவிட்டு ஈரத்தோடு ஏற வேண்டாம்.

அதன் பிறகு படிகள் நெருங்கும். மொத்தம் ஐயாயிரத்துக்கு மேல். எண்ணப் போகாதீர்கள், எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். படிகள் ஒரே உயரம் இல்லை. உயரமான படியில் முழங்காலில் கையை ஊன்றித் தள்ளுவது வேண்டாம், பொல்லை ஊன்றுங்கள் அல்லது பக்கவாட்டாக ஏறுங்கள். குதியையும் சேர்த்து முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள், முன்பாதத்தால் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நாற்பது ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று பத்து மூச்சு எடுங்கள். இருக்க வேண்டாம். இருந்தால் எழும்புவது பெரும்பாடு. கடைகளில் இருப்பதை இரண்டு தடவைக்குள் முடியுங்கள்.

வழியில் எதிர்ப்படுவோர் 'கருணாவை' என்று சொல்லிக் கும்பிடுவார்கள். நீங்களும் சொல்லுங்கள், நன்றாக இருக்கும். 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று மட்டும் யாரையும் கேட்கக் கூடாதென்பது மலை வழக்கம். கேட்டாலும் இறங்கி வருபவர் 'கிட்டத்தான்' என்றுதான் சொல்வார்.

இந்திகட்டுபான பாதிக்கு மேல் வரும் தரிப்பு. புத்தர் தன் காவியுடை கிழிந்ததை இங்கே தைத்தார் என்பது ஐதிகம், அதனால் முதல் முறை ஏறுபவர்கள் ஊசியும் நூலும் கொண்டுவந்து வைப்பார்கள். வெள்ளை நூல் வழி நெடுக இழுபட்டிருக்கும். காலில் சிக்கும், பார்த்து நடவுங்கள்.

கடைசிப் பகுதி மகாகிரிதம்ப. செங்குத்து. இரும்புக் கைபிடி இரு பக்கமும் நடுவிலும் உண்டு. ஒரு காலத்துச் சங்கிலிகளின் வேலையை இப்போது இவைதான் செய்கின்றன. கைபிடியை இழுத்து உடம்பைத் தூக்க வேண்டாம், தோள் களைத்துவிடும். சமநிலைக்குப் பிடித்துக்கொண்டு காலால் ஏறுங்கள். இரும்பு ஐஸ் போல் குளிரும், மெல்லிய கையுறை இருந்தால் நல்லது. கூட்டம் தள்ளும் நேரத்தில் பிள்ளைகளை உள்பக்கம் விடுங்கள்.

உச்சி

சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சீமெந்துத் தரை உறைக்கும், அதற்காக ஒரு சோடி தடித்த காலுறை. பாதம் இருக்கும் இடத்தில் படம் எடுக்கக் கூடாது. சைவர்களுக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்கள் சிலருக்கும் ஆதாமின் பாதம். எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். கும்பிட்டபின் மணி: எத்தனையாவது முறை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை அடி. முதல் முறைக்காரர் ஒன்றோடு நிறுத்துங்கள்.

சூரியன் கிழக்கில் எழுந்ததும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். நீங்கள் உடனே மேற்குப் பக்கம் ஓடுங்கள். மலையின் நிழல் பனிமூட்டத்தின் மேல் நேர்த்தியான முக்கோணமாக விழும். மலையின் உருவம் அப்படி இருப்பதால் அல்ல, நிழல் மிக நீண்ட தூரம் போவதால் தண்டவாளம் தொலைவில் சேர்வதுபோல் அதன் ஓரங்கள் ஒன்றாகத் தெரிகின்றன. கொஞ்ச நேரத்தில் சுருங்கிப் போய்விடும்.

இறக்கம்

விபத்துகள் பல நடப்பது இங்கேதான். விடிந்துவிட்டது, தூக்கம் கண்ணைச் சுழற்றும், பெடியள் பந்தயம் போட்டு இறங்குவார்கள். இறங்க மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். உச்சியிலேயே கொஞ்சம் சாப்பிட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலடியில் இறுக்கிக் கட்டுங்கள். விரல் முன்னால் முட்டினால் நகம் கறுக்கும். முழங்காலைப் பூட்டாமல் கொஞ்சம் மடித்து வைத்து, பொல்லை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். முழங்கால் முன்பக்கம் குத்தத் தொடங்கினால் பக்கவாட்டாக, ஒரு காலை வைத்து மற்றக் காலை அதே படியில் சேர்த்து இறங்குங்கள். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் வந்து சேர்வீர்கள்.

இரத்தினபுரிப் பக்கம் இறங்குவோருக்குக் கூடுதலாகச் சில. அங்கே பல இடங்களில் படி என்பது பாறையில் வெட்டிய தடம், அல்லது வேரும் கல்லும் கலந்த சரிவு. இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் எதையாவது பற்றியிருக்கட்டும், ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். கல்லைப் பிடிக்கும் முன் அசைத்துப் பாருங்கள். மிகச் செங்குத்தான இடத்தில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குவதில் வெட்கமில்லை. பாசி பிடித்த கருங்கல், ஈரமான வேர், சருகு மூடிய கல் மூன்றிலும் கால் வைக்க வேண்டாம். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சொரசொரப்பாகக் காலைப் பிடிக்கும். அங்குள்ள கல் நனைந்தால் எண்ணெய் தடவியதுதான். ஓடை பெருகியிருந்தால் கடக்காமல் காத்திருங்கள், மலை ஓடை பெருகுவதும் வேகம், வடிவதும் வேகம். சிறுத்தை வாழும் காடு இது, பாதையை விட்டுக் குறுக்கு வழி தேட வேண்டாம், தனியே பின்தங்கவும் வேண்டாம். இடி கேட்டால் வெளியான பாறையிலும் இரும்புக் கைபிடியிலும் நிற்காமல் தாழ இறங்குங்கள்.

கீழே வந்தவுடன் வானுக்குள் ஏறி முடங்க வேண்டாம். கால் மணித்தியாலம் மெதுவாக நடந்து, ஜீவனி குடித்து, கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டி இழுத்து, சுடுதண்ணீரில் குளியுங்கள். பிறகு சித்தாலேப. இரண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்கு வரும், அது தசைவலி, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு முழங்கால் மட்டும் வீங்கினாலோ காலை ஊன்ற ஏலாவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

திரும்பும் பயணம்

வான் ஓட்டுநரும் உங்களோடு மலை ஏறினாரா என்று பாருங்கள். பல குழுக்களில் அவரும் ஆசையோடு ஏறுவார், இறங்கி வந்து மத்தியானமே ஸ்ரியரிங்கைப் பிடிப்பார், இரவு வவுனியா தாண்டிய நேர்ப்பாதையில் கண் சொருகும். அவர் ஏற விரும்பினால் ஏறட்டும், அன்றைக்கு வண்டி கண்டியைத் தாண்டக் கூடாது. கண்டியில் எல்லோரும் ஓர் இரவு படுத்து எழும்பி, அடுத்த நாள் காலை கண்டி வீதியில் ஏறுங்கள். அதற்கு ஒரு நாள் லீவு கூடுதலாகப் போடவேண்டி வரும், அதையும் சேர்த்தே முதலில் கந்தோரில் கேளுங்கள்.